துரு போகுது, உப்புத்தான் போக மாட்டேங்குது

காங்கேயம் பக்கத்தில் மச்சான் முறையுள்ள ஒருத்தர், பழைய கிணற்றில் தூர் வாரும்போது கிடைத்த கவலைச் சால் ஒன்றையும் (மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் இரும்பு வாளி) நாலைந்து கொழுவையும் (ஏர்முனை இரும்பு) போட்டோ எடுத்து அனுப்பி, "மாப்ள, நீங்க வெச்சிருக்கற சார்ஜர் மாதிரி ஒண்ணு நானும் வாங்கிப் போடட்டுங்களா?" என்று கேட்டார். துருப்பிடித்த இரும்பைச் சோடாத் தண்ணீரில் போட்டுக் கரண்ட் விட்டுத் துரு எடுக்க நான் வைத்திருக்கும் பேட்டரி சார்ஜரைத்தான் சொல்கிறார். அன்றைக்குத்தான் அந்தச் சார்ஜருக்கு டையோடு மாற்றிக் காசு கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பதில் கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. இங்கே நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

முறை இதுதான். பிளாஸ்டிக் டிரம், ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா ஆஷ் (சலவைச் சோடா), நெகட்டிவ் கிளிப் துருப்பிடித்த சாமானில், பாசிட்டிவ் ஏதாவது பழைய இரும்புத் தகட்டில். தகட்டுக்கு எவர்சில்வர் வேண்டவே வேண்டாம், அதிலிருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் வெட்டவெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி கூடாது. சார்ஜர் பழைய டிரான்ஸ்பார்மர் வகை 12 வோல்ட்டாக இருக்கட்டும். இப்போது வரும் ஆட்டோமேட்டிக் சார்ஜர்கள் முனையில் பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்தால்தான் கரண்ட் விடும், டிரம்முக்கெல்லாம் மசியாது.

வேலையைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. மண்ணும் துருவும் சேர்ந்து கல்லாகி, உள்ளே இருப்பது கடையாணியா வெறும் கம்பியா என்றே தெரியாத உருண்டையை ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுத்தால், மேல் அடுக்கு கறுத்து இளகி, பழைய பல்துலக்கும் பிரஷுக்கே உரிந்து வரும். கிரைண்டரில் ஒயர் பிரஷ் மாட்டினால் அதைவிடப் பளபளப்பாகும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆசாரி அடித்த சுத்தியல் தடமும் கூடவே போய்விடும். டிரம்மில் அந்தத் தடம் அப்படியே நிற்கிறது. ஒரு கொழுவின் முனை தேய்ந்தபோது வேறு இரும்பை வைத்து ஒட்டி அடித்திருந்த இணைப்புக் கோடுகூடத் தெரிந்தது. அதைப் பார்த்த அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

அப்புறம் ஐப்பசி வந்தது. மாசி பங்குனி வெயிலில் எண்ணெய் பூசி அலமாரியில் கம்மென்று உட்கார்ந்திருந்த சாமான்களில் பொட்டுப்பொட்டாக மஞ்சள் நீர் துளிர்க்கிறது. துடைத்தால் மறுபடியும் வரும். காய்ந்தால் ஆரஞ்சு நிறத்தில் சின்னச்சின்னக் கொப்புளம், நகத்தால் அழுத்தினால் முட்டை ஓடு போல உடைகிறது, அடியில் புதுக் குழி. வருஷா வருஷம் இதே கதை. துருவை எடுத்தாலும் இரும்பின் சந்துகளுக்குள் தங்கிவிட்ட குளோரைடு உப்பு அங்கேயேதான் இருக்கிறது, காற்றில் ஈரம் கூடியதும் அதை உறிஞ்சி அமிலமாகி இரும்பைத் திரும்பவும் தின்கிறது. எண்ணெயோ வார்னிஷோ மேலே பூசி இதை அடக்க முடியாது.

நம் பக்கத்து மண்ணில் இது கூடுதலாகவே இருக்கும் என்பது என் கட்சி. நொய்யல் ஆற்றங்கரையோரக் கிணறுகளுக்குள் திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் எவ்வளவு உப்பை இறக்கியது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1992ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீரை விவசாயிகளே திறக்காதே என்று சொல்லும் நிலை வந்தது. 2011ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. துணிக்குச் சாயம் ஏற்ற உப்பும் வேண்டும், சோடா ஆஷும் வேண்டும். அந்த உப்பைக் கழற்ற அதே சாயக் கெமிக்கல் கடையில் போய்ச் சோடா வாங்கி வருகிறேன், என்னத்தைச் சொல்ல.

சரி, இதற்குச் சார்ஜர் என்ன செய்யும்? நியாயமாகப் பார்த்தால் கரண்ட் ஓடும்போது கொஞ்சம் உப்பு பாசிட்டிவ் பக்கம் இழுபட்டு வெளியே வருகிறது. கடலில் மூழ்கிய கப்பல்களின் பீரங்கிகளை இப்படித்தான் மாதக்கணக்கில், சிலவற்றை வருஷக்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். ஒரு ராத்திரியில் எடுத்துத் துடைத்து வீடியோ போடுகிறவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை. துரு போன பிறகும் சோடாத் தண்ணீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். ஊறிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டுச் சோடாவை முறித்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் உப்பு இருக்கும்வரை வெள்ளையாகக் கலங்கும். போர் தண்ணீரை ஊற்றினால் வேலை வீண். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகிற கழிவுத் தண்ணீர் அதைவிட மோசம், அதில் உப்பு இன்னும் கெட்டியாக இருக்கும். பாத்ரூம் ஆசிட்டில் போட்டு எடுக்கிற புண்ணியவான்களுக்கு ஒரு கும்பிடு, அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், போகாத குளோரைடை நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள்.

கடைசிப் பூச்சுக்கு எனக்குப் பிடித்தது கடுக்காய்க் கஷாயம். அதிலிருக்கும் டானின் என்கிற துவர்ப்புச் சத்து மிச்சத் துருவோடு சேர்ந்து நல்ல கறுப்பாகப் படிகிறது, காய்ந்ததும் மேலே மெழுகு. உப்பு போன இரும்பில் நிற்கும், போகாத இரும்பில் அதுவும் பொத்துக்கொள்ளும்.

இன்னொன்று. கொடுமணல் மாதிரி இரும்பு உருக்கிய உலைகளே கிடைத்த ஊர் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. முதுமக்கள் தாழி, கல்வட்டம் போன்ற பழங்காலப் புதைகுழிகள் பக்கம் கிடைத்த இரும்பை டிரம்மில் போடாதீர்கள். அந்த வயதுப் பொருளுக்கு உண்மையான வடிவமே துரு அடுக்குக்குள்தான் இருக்கும், உரித்தால் அதுவும் போய்விடும். தாசில்தாரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். நான் பேசுவது தாத்தா காலத்துத் தோட்டச் சாமான்களைப் பற்றி மட்டும்.

மச்சானுக்கு என் பதில், வாங்காதீர்கள். சார்ஜர் நன்றாகத்தான் வேலை செய்கிறது, பார்த்தவர்களெல்லாம் ஆசைப்படுகிறார்கள், ஆனாலும் வாங்காதீர்கள். ராத்திரி போட்டுக் காலையில் எடுக்கத்தான் உங்களுக்குப் பொறுமை, தண்ணீர் மாற்ற வராது. சால் மெல்லிய தகடு, பாதி இரும்பு ஏற்கெனவே துருவாகிவிட்டது, கரண்ட் விட்டால் சல்லடைதான் கையில் வரும். அதை மண் தட்டி, கடுக்காய் பூசி, மழை படாமல் திண்ணையில் வையுங்கள். கொழுக்களை மட்டும் என்னிடம் கொடுத்து விடுங்கள், கூடவே நல்ல தண்ணீர் ரெண்டு கேன்.