எண்பது தொட்ட பிறகு, ஒன்பதரை மணிக்கு

போன வாரம் அண்ணன் பையன் ஓசூரிலிருந்து போன் பண்ணினான். கில்ட் வார்ஸ் 2 என்கிற இணைய ஆட்டத்தை ஆடுகிறான்; அதில் உச்ச லெவல் எண்பது. "அத்தை, எண்பது தொட்டாச்சு. இனிமே என்ன பண்றது? ரெண்டு நாளா உள்ள போய் சும்மா நின்னுட்டு வர்றேன்." கூடவே இன்னொன்றும் கேட்டான்: எக்ஸ்பான்ஷன், அதாவது காசு கொடுத்து வாங்குகிற கூடுதல் பாகம், வாங்கலாமா, வேண்டாமா? அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கிற நேரம். அப்புறம் சொல்றேன் என்று வைத்துவிட்டேன். ஆனால் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. எனக்கே அந்தப் பதில் கிடைக்க இரண்டு வருஷம் ஆனது.

கில்ட் வார்ஸ் 2 பல பேர் ஒரே உலகத்துக்குள் சேர்ந்து ஆடுகிற ஆட்டம், மாதச் சந்தா இல்லை. நான் 2016ல் நுழைந்தேன். அதற்கு முந்தைய வருஷம்தான் அடிப்படை ஆட்டத்தை இலவசமாக்கியிருந்தார்கள். என் கேரக்டர் ஒரே ஒரு ரேஞ்சர், அது வீரர் வகைகளில் ஒன்று. அரட்டைப் பெட்டியில் அதன் வயதைக் கேட்டால் 3,400 மணி நேரம் என்று காட்டுகிறது. அதில் முதல் 300 மணி நேரம்தான் எண்பது வரை ஏறியது. மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு.

எண்பது தொட்ட அன்று ராத்திரி சந்தோஷமாகத்தான் தூங்கினேன். மறுநாள் உள்ளே போனால் ஏற ஒரு படியும் இல்லை. ஒரு வாரம் சுற்றினேன், விட்டுவிட்டேன். எட்டு மாதம் தொடவில்லை. அதனால் பையன் சொன்ன "சும்மா நின்னுட்டு வர்றேன்" எனக்கு நன்றாகப் புரிந்தது.

நான் அப்போது புரிந்துகொள்ளாத ஒன்று உண்டு. இந்த ஆட்டம் 2012 ஆகஸ்டில் வந்தபோதே உச்ச லெவல் எண்பது. எக்ஸ்பான்ஷன்களாக 2015ல் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ், 2017ல் பாத் ஆஃப் ஃபயர், 2022ல் எண்ட் ஆஃப் டிராகன்ஸ், அதற்குப் பிறகும் வரிசையாக வந்தன. எண்பது எண்பதாகவே இருக்கிறது. என் ஆபீசில் ஒருவர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு இணைய ஆட்டம் ஆடுகிறார். அங்கே 2004ல் 60, 2007ல் 70, 2008ல் 80 என்று உச்சமே மேலே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் முன்பு பாடுபட்டுச் சேர்த்த கவசம் பழையதாகிவிடும், மறுபடி ஓட வேண்டும். அது அவருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு ஒத்துவராது. நான் 2018ல் மூன்று மாதம் பொருள் சேர்த்துச் செய்த அசெண்டட் தரக் கவசம் இன்றைக்கும் உச்ச பலம்தான். அதற்கு மேலே உள்ள லெஜண்டரி தரத்துக்கும் பல எண்கள் அதேதான். வேண்டும்போது அதன் குணத்தை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவு வசதி. பின்னால் யாரும் துரத்துவதில்லை. எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது நான் விட்டுப்போன இடத்தில் அப்படியே நின்றேன். வீட்டையும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

துரத்துகிறவர் இல்லை என்றால் எங்கே போவது? பையனுடைய கேள்வி அதுதான். எனக்கு வழி காட்டியது, நான் இன்றுவரை மனதாரத் திட்டுகிற ஒரு விஷயம்: பிங். நம் கணினியிலிருந்து தகவல் ஆட்டத்தின் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகிற நேரம் அது.

இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு சர்வர் இல்லை. ஐரோப்பா அல்லது வட அமெரிக்கா, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். நான் ஐரோப்பா. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற என் வீட்டிலிருந்து நல்ல நாளில் 160, 170 மில்லி செகண்ட். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்ப வேண்டும், கண்ணாடி இழைக்குள் ஒளியே செகண்டுக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். இயற்கையோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை எல்லாம் எங்கள் வீட்டுக்கு இணைப்பு கொடுத்திருக்கிற நிறுவனத்தோடுதான். ராத்திரி ஒன்பது மணி ஆனால் அதே 170 சில நாள் 400 ஆகிவிடும். தகவல் எந்த வழியாகப் போகிறது என்று தடம் போட்டுப் பார்த்தேன். மேற்கே போக வேண்டிய தகவல் பாக்கெட் முதலில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து ஐரோப்பா போகிறது. போன் பண்ணினால், "மேடம், ஸ்பீட் டெஸ்ட்ல நூறு எம்பிபிஎஸ் வருதே" என்பார்கள். வேகம் வேறு, தாமதம் வேறு. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து காவிரித் தண்ணீர் இந்த ஊருக்கு ஏறி வருகிறது. குழாய் எவ்வளவு அகலம் என்பது ஒரு கணக்கு. அங்கே திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர எத்தனை நேரம் என்பது வேறு கணக்கு. இதை மூன்று வருஷத்தில் பதினோரு பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டு, மேலே எழுதிப் போட்டார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு பழையபடி சிங்கப்பூர்.

400ல் என்ன ஆகும் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும். டெக்வாட்டலிடம் போங்கள். ஆட்டத்தில் ஸ்பார்க்ஃப்ளை ஃபென் என்ற இடத்தின் கடற்கரையில் எழும்பும், செத்தும் உலவுகிற டிராகன் அது; எல்லோரும் கூடி அதை வீழ்த்த வேண்டும். அது அலை எழுப்பும்போது சரியான நொடியில் தாண்ட வேண்டும். என் திரையில் அலை இன்னும் தள்ளி இருக்கும், சர்வரில் என் காலடிக்கு வந்திருக்கும். நான் தாண்டுவேன், தாண்டிக்கொண்டே செத்து விழுவேன். 2018ல் ஒரு ராத்திரி ஒரே சண்டையில் மூன்று தடவை விழுந்து கிடந்தேன். அழுகையே வந்தது. அப்போது அரட்டையில் யாரோ எழுதினார்: இரண்டு டரட் (ஏறி நின்று குண்டு போடுகிற பீரங்கி) காலியாக இருக்கிறது, யாராவது ஏறுங்கள்.

ஏறினேன். என்ன செய்வதென்று தெரியவில்லை, அதையும் எழுதினேன். பக்கத்து டரட்டில் இருந்தவர் சண்டைக்கு நடுவிலேயே சொல்லிக் கொடுத்தார். டிராகனின் செதில் இறுகிக்கொண்டே போகும், இறுக இறுக யார் அடித்தாலும் ஏறாது. அந்தச் செதிலை உதிர்க்கிற குண்டு டரட்டில்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே பச்சையாக விஷம் தேங்கும், அதைக் கழுவ வேறு குண்டு. நம் ஆட்களுக்குத் தெம்பு ஏற்ற இன்னொன்று. மொத்தம் ஆறு டரட். பதினைந்து நிமிஷக் கெடு.

டரட்டில் அலையைத் தாண்ட வேண்டியதில்லை. உருள வேண்டியதில்லை. இடத்தைக் குறி வைத்துப் போட வேண்டும்; எங்கே விஷம் தேங்கப் போகிறது, செதில் எப்போது இறுகும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் 400 பிங் ஒன்றும் செய்யாது. அன்றைக்கு அது விழுந்தது. கீழே நின்று அடித்தவர்களுக்கு என்ன பரிசுப் பெட்டி வந்ததோ அதே பெட்டிதான் எனக்கும். ஆனால் அன்று ராத்திரி எனக்கு வந்தது வேறொரு சந்தோஷம். எண்பது தொட்டபோதுகூட அப்படி இல்லை.

நாதஸ்வரக்காரர் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒத்து ஊதுவது நின்றுபோனால்தான் எல்லோரும் திரும்புவார்கள். எனக்கு டரட் அந்த மாதிரி ஆகிவிட்டது. டிராகனின் பலம் 75, 50, 25 சதவீதத்துக்கு இறங்கும்போது மெகாலேசர் என்ற பெரிய ஆயுதத்தையும் அதற்குச் சக்தி தருகிற பேட்டரிகளையும் காக்க எல்லோரும் ஓடுவார்கள். லேசர் வெடித்து டிராகன் தரையில் கிடக்கும் அந்த நேரத்தில் நாற்பது ஐம்பது பேர் ஒரே இடத்தில் பாய்வதை மேலிருந்து பார்ப்பேன். கீழே நின்ற காலத்தில் இதை நான் பார்த்ததே இல்லை. அப்போது கண்ணில் பட்டதெல்லாம் என் கால்தான்.

டெக்வாட்டல் வருகிற நேரம் மாறாது. நம் கணக்கில் காலை ஐந்தரை, எட்டரை, மதியம் பன்னிரண்டரை, மாலை ஐந்து, இரவு ஒன்பதரை, நள்ளிரவு பன்னிரண்டரை. அம்மாவுக்கு மாத்திரை ஒன்பதுக்கு. ஒன்பதரைக்கு எனக்கு டிராகன். அம்மாவே சில நாள் குரல் கொடுப்பாள்: "நேரமாச்சு, உன் பாம்பு வந்திருக்கும் பாரு."

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 2013ல் இந்தச் சண்டையைக் கடினமாக்கி விட்டபோது பெரும்பாலான கூட்டம் தோற்றுத்தான் போனது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது எல்லோருடைய அடியும் கனத்துவிட்டது. ராத்திரி ஒன்பதரைக்கு அங்கே சாயங்காலம், கூட்டம் பொங்கும், டரட் காலியாக இருந்தாலும் அது விழுந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு வாருங்கள். அங்கே விடியற்காலை நாலு, அஞ்சு மணி. இருபது பேர் தேறினால் அதிகம். அன்றைக்குச் செதிலை உதிர்க்க ஆள் இல்லை என்றால் கெடு முடிந்துவிடும், அது கடலுக்குள் போய்விடும். அந்த இருபது பேரில் ஒருத்தியாக இருப்பது எனக்கு முக்கியம்.

எக்ஸ்பான்ஷன் வாங்கிய பிறகு, புதியவர்களுக்கு வழிகாட்டுகிறவர் என்று காட்டும் மெண்டர் குறியும் எடுத்தேன். தலைக்கு மேலே ஆப்பிள் படம் தெரியும், புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் கேட்பார்கள். டரட்டில் ஏறத் தயங்குகிறவர்களுக்கு, எனக்கு அன்றைக்குச் சொல்லிக் கொடுத்தவர் சொன்ன அதே வரிசையில் சொல்கிறேன். என் கேரக்டர் பெயரைப் பார்த்து ஒருநாள் ஒருவர், "தமிழா?" என்று கேட்டார். திருநெல்வேலிக்காரர், ஜெர்மனியில் வேலை. அவருக்கு பிங் இருபதுக்குள். "அக்கா, நீங்க மேல டரட்ட பாத்துக்கோங்க, நான் கீழ பேட்டரிப் பக்கம் நிக்கிறேன்" என்பார். ஒரு வருஷமாக இப்படித்தான் போகிறது. அவருடைய முகம்கூட எனக்குத் தெரியாது. அவர் வராத நாளில் கவலையாக இருக்கிறது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. மீன் பிடிக்கலாம், நிதானமாக இருக்கும். ஏறிப் பறக்கிற கிரிஃபன் பறவைக்கு ஆட்டத்துக் காசு 250 பொன் வேண்டும், கொடுத்தேன், வருந்தவில்லை. பாறை தாண்டும் புதிர்களை நல்ல பிங் உள்ள நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2023லிருந்து இப்போதைய வடிவில் வருகிற தினசரி வேலைப் பட்டியலை முடித்தே தீருவேன் என்று உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்த மாதம் எனக்கு ஆட்டமே கசந்தது. தாழ்ந்த லெவல் ஊர்களுக்குப் போனால் அந்த ஊருக்கு ஏற்ப நம் பலத்தையும் ஆட்டம் இறக்கிவிடும். அதனால் பையன் ஆரம்ப ஊரான குவீன்ஸ்டேலில் தடுமாறின நாட்களில் அவன் பக்கத்தில் நின்று என்னாலும் ஆட முடிந்தது. எண்பது வந்தவர்கள் ஒருவரை முதலிலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் இந்த ஆட்டத்தில் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அது.

இத்தனையும் சொல்லிவிட்டு பையனுக்கு நான் கொடுக்கிற பதில்: எக்ஸ்பான்ஷன் வாங்காதே.

நேற்று ராத்திரி மழை. ஒன்பது இருபதுக்கு மின்சாரம் போனது. யூபிஎஸ்ஸில் கணினியும் ரௌட்டரும் ஓடின. ஒன்பதரைக்கு உள்ளே போனால் பிங் 620. டரட்டில்கூடக் குண்டு என் கண்ணெதிரில் காணாமல் போனது, நான் போட்ட இடத்தில் விழவில்லை. ஒரு மெண்டர் குறியைத் தலையில் வைத்துக்கொண்டு, என்னை நம்பிப் பக்கத்து டரட்டில் ஏறிய ஒரு புது ஆளுக்குத் தப்பான நேரத்தில் தப்பான இடத்தைக் காட்டினேன். அந்த ஆள், பரவாயில்லை என்று எழுதினார். எனக்குப் பரவாயில்லை என்று ஆகவில்லை. பணம் போட்டு வாங்கிய பிறகு, யாரோ ஒருவருடைய தடத்தை நம்பி ஒவ்வொரு ராத்திரியும் இந்த வயிற்றெரிச்சலை அவனும் படக் கூடாது. ஓசூரில் அவன் இணைப்பு ஒரு மழைக்காலம் முழுக்க எப்படி இருக்கிறதென்று பார்க்கட்டும். அதுவரை இலவசக் கணக்கே போதும். டெக்வாட்டலுக்கு அது தடையில்லை.

டேய் கண்ணா, ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு வா. எட்டு இருபதுக்கே வந்துவிடு, இல்லையென்றால் டரட் கிடைக்காது. லேன் கேபிள் போட்டுக்கொள், வைஃபை வேண்டாம். முதல் குண்டு செதிலுக்கு. விஷத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.