காரவானா, கராபாவா? பாட்டு யாரைத் திட்டுகிறது என்று பாருங்கள்

தாய்லாந்தின் எதிர்ப்பு இசையைப் பற்றிப் பேச்சு வந்தால் பத்தே நிமிடத்தில் சண்டை காரவான், கராபாவ் என்ற இரண்டு இசைக்குழுக்களில் வந்து நிற்கும். காரவான்தான் அசல், கராபாவ் விலைபோனவர்கள் என்பது ஒரு கட்சி. கராபாவ் இல்லாவிட்டால் அந்தப் பாட்டெல்லாம் பல்கலைக்கழக வளாகத்தோடு செத்திருக்கும் என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சிக்காரர்களும் பாடகர்களின் வாழ்க்கையை வைத்து மார்க் போடுகிறார்கள்: யார் காட்டுக்குப் போனார், யார் விளம்பரத்தில் நடித்தார் என்று. பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அது யார்மேல் விரலை நீட்டுகிறது என்று பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாய்லாந்தில் இந்த வகைக்கு ‘ப்ளேங் புயா சீவித்’ என்று பெயர், வாழ்வுக்கான பாடல்கள். 1973 அக்டோபர் 14 மாணவர் எழுச்சியில் தனோம் கிட்டிகாசோனின் ராணுவ ஆட்சி விழுந்தது. அதற்குப் பிறகு கிடைத்த மூன்று ஆண்டு திறந்த காலத்தில் உருவானது காரவான். இரண்டு சிறு குழுக்கள் ஒன்றாகச் சேர்ந்து, சுராச்சாய் சந்திமாதோன், வீரசக் சுந்தோன்சி, மொங்கோன் உத்தோக், தோங்கிரான் தானா என்ற நால்வர் அணியாக நின்றன. சுராச்சாய் அடிப்படையில் எழுத்தாளர். வடகிழக்கே இசான் பகுதியில், சுரின் மாகாணத்துக்காரர். 1976 அக்டோபர் 6 அன்று தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கொன்று குவித்த பிறகு, ஆயிரக்கணக்கானவர்களோடு இவர்களும் கம்யூனிஸ்ட் கட்சியின் காட்டுத் தளங்களுக்குப் போனார்கள். பிரேம் தின்சுலானோன் அரசு 1980இல் பிறப்பித்த 66/2523 என்ற உத்தரவு ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களுக்கு வழி திறந்தது. காட்டிலிருந்தவர்கள் கூட்டங்கூட்டமாகத் திரும்பினார்கள்.

கராபாவ் தொடங்கியது மணிலாவில். மாப்புவா கல்லூரியில் கட்டடக்கலை படிக்கப் போன தாய்லாந்து மாணவர்கள் யூன்யோங் ஓபாகுனும் (ஊரறிந்த பெயர் ஏட் கராபாவ்) கீரத்தி ப்ரோம்சகாவும் அங்கே சேர்ந்தவர்கள். பெயரும் அங்கிருந்து வந்ததுதான்: பிலிப்பைன்ஸில் கராபாவ் என்றால் எருமை. ஊர் திரும்பி வந்து பகலில் தேசிய வீட்டுவசதி ஆணையத்தில் வேலை, இரவில் இசை என்று ஓட்டினார் ஏட். முதல் ஆல்பம் 1981இல் வந்தது, பெரிதாகப் போகவில்லை. 1983இல் ‘வனிபோக்’ தான் கதவைத் திறந்தது. தெருவில் பாடிப் பிழைக்கும் நாடோடிப் பாடகனைப் பற்றிய பாட்டு; ஆனால் தாளம் ஊர்த் திருவிழாவில் கால் ஆடும் சா-சா வகை. கராபாவின் முழு ரகசியமும் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது.

காதில் விழும் வித்தியாசம்

காரவானின் கட்டுமானம் மிகச் சிக்கனம். இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார், தோங்கிரானின் வயலின், மொங்கோன் கையில் ‘பின்’. பின் என்பது இசான் பகுதியின் சிறிய தந்திவாத்தியம். உலோகக் கம்பிகள், வாசிக்கும்போது ஒரு கம்பி ஒரே சுருதியில் ஒலித்துக்கொண்டே இருக்க, இன்னொன்றில் ராகம் ஓடும். காரவான் பாட்டுகளில் கிட்டாருக்குப் பின்னால் தேனீ மாதிரி ரீங்கரிக்கிற ஒலியைக் கவனித்தால், பெரும்பாலும் அதுதான். பாப் டிலனின் தாக்கத்தை யாரும் மறைக்கவில்லை. சொற்கள் முன்னே வந்து நிற்க, வாத்தியங்கள் ஓரடி பின்னே நிற்கும். அதனால் தாய் மொழி தெரியாதவர்களுக்குக் காரவான் சீக்கிரம் அலுத்துவிடும். அதைக் குழுவின் குறையாக எண்ண வேண்டாம். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய இசை அது.

கராபாவ் நேர் எதிர். ப்ரீச்சா சனபாய் (லெக்) வாசிக்கும் மின்கிட்டாரில் அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் சந்தானாவின் சாயல் பட்டவர்த்தனமாகத் தெரியும். தியரி மேக்வத்தனாவின் கிட்டாரும் குரலும், தனிட் ஸ்ரீகிளின்டீயின் புல்லாங்குழலும் சாக்ஸபோனும், கூடவே முழு டிரம்ஸ். ‘மேட் இன் தாய்லாந்து’ பாட்டில் தனிட் ஊதுவது ‘க்லுய்’ என்ற தாய்லாந்து மூங்கில் குழல். ராக் இசைக்குழு ஒன்று, ஊர்க்குழலை அலங்காரமாக இல்லாமல் பாட்டின் முகமாகவே வைத்தது அங்கேதான். இசைக்குழு என்ற வகையில் 1983 முதல் 1988 வரையிலான கராபாவுக்குக் காரவான் ஈடில்லை என்று தயங்காமல் சொல்லலாம். மேடையில் சில தனி வாசிப்புகள் நீண்டு இழுக்கும். அது அந்தக் காலத்து ராக் வியாதி, இவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

இரண்டு பாட்டு, இரண்டு குற்றவாளி

காரவானின் முத்திரைப் பாட்டு ‘கோன் கப் க்வாய்’, மனிதனும் எருமையும். சோம்கிட் சிங்சோங், விசா கந்தாப் ஆகியோரின் பங்கும் அதன் வரிகளில் உண்டு. மனிதனும் எருமையும் சேர்ந்து உழும் பழைய உறவை விவரித்துக்கொண்டே போகும் பாட்டு, ஒரு கட்டத்தில் நேராகப் பெயர் சொல்லும்: உழைப்பைத் தின்று வகுப்பாகப் பிரிப்பது முதலாளி வர்க்கம், அதனால்தான் உழவன் தாழ்ந்தான். சுற்றிவளைப்பு இல்லை. நிலம் யாரிடம், லாபம் யாருக்கு என்று கேட்கும் பாட்டு. அதே குழு அமெரிக்கப் படைத்தளங்களைத் திட்டிப் பாடியதும் இப்படித்தான், முகவரியோடு திட்டுவார்கள். இதில் ஒரு விலையும் உண்டு. முகவரி மாறிவிட்டால் பாட்டுக்கு வயதாகிவிடும். அமெரிக்கத் தளங்கள் போன பிறகு அந்தப் பாட்டுகள் ஆவணம்; எருமைப் பாட்டு மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கராபாவின் முத்திரைப் பாட்டு 1984 கடைசியில் வந்த ‘மேட் இன் தாய்லாந்து’. ஆல்பம் 50 லட்சம் பிரதி விற்றதாகச் சொல்வார்கள். அந்தப் பாட்டு, ஒலிநாடா கேசட் காலத்துத் தாய்லாந்தில் ஒலிக்காத தேநீர்க்கடை இல்லை. விஷயம் இது: நம்மூர்ச் சரக்கு நல்ல சரக்குதான், ஆனால் வெளிநாட்டு முத்திரை ஒட்டினால்தான் நம் ஆட்கள் வாங்குவார்கள். கூர்மையான நையாண்டி. ஆனால் யாரைத் திட்டுகிறது? முத்திரை ஒட்டி விற்றவனை ஓரமாகத் தொட்டுவிட்டு, வாங்குகிறவனின் மோகத்தைத்தான் பிரதானமாகக் குத்துகிறது.

வெளிவந்த நேரத்தையும் பாருங்கள். 1984 நவம்பரில்தான் பாட்டின் மதிப்பைக் குறைத்திருந்தார்கள். அதாவது பாட் நாணயத்தின் மதிப்பை. டாலருக்கு 23 பாட் என்றிருந்தது 27 ஆயிற்று. இறக்குமதிச் சரக்கு விலை ஏறியது, உள்நாட்டுச் சரக்கை வாங்குங்கள் என்று சொல்ல அரசுக்குக் காரணம் இருந்தது. அப்போது இப்படி ஒரு பாட்டு கையில் கிடைத்தால் எந்த அதிகாரி விடுவார்? வாங்குகிறவனைத் திட்டும் பாட்டை அரசு தாராளமாகத் தூக்கிவைத்துக் கொண்டாடலாம். நிலவுடைமையைத் திட்டும் பாட்டை அப்படிச் செய்ய முடியாது. கராபாவ் மாறியது பீர் விளம்பரத்திலோ பின்னாளில் விற்ற சக்தி பானத்திலோ என்று தேடுகிறவர்கள் தேதியைத் தவறவிடுகிறார்கள். விதை புகழின் உச்சியிலேயே, இந்தப் பாட்டிலேயே இருக்கிறது.

நியாயமாகச் சொன்னால், கராபாவ் எப்போதும் அப்படியே பாடவில்லை. மசாஜ் நிலையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் எண் குத்தி உட்காரவைக்கப்படும் பெண்களைப் பற்றிய ‘நாங் ஙாம் தூ க்ராச்சோக்’ ஒரு வார்த்தைகூட அந்தப் பெண்ணைக் குறைசொல்லாது. 1986 ஆல்பத்துக்கு ‘ப்ராசாதிபதாய்’, ஜனநாயகம் என்றே பெயர். 1987ஐச் சுற்றுலா ஆண்டாக அரசு கொண்டாடியபோது ‘வெல்கம் டு தாய்லாந்து’ என்று ஒரு ஆல்பம் போட்டு, வருகிறவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்று கேட்டார்கள். அவர்களின் சில பாட்டுகள் வானொலியில் தடைபட்டதும் உண்டு. ஆக, ஒரே குழுவுக்குள் இரண்டு வகைப் பாட்டும் இருக்கிறது. கராபாவைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருப்பதற்கு இதுதான் முதல் காரணம்: ஒவ்வொருவரும் வேறு வேறு ஐந்து பாட்டை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

பணமும் மேடையும்

பானத்தின் கதைக்கு வருவோம், அதைத் தவிர்க்க முடியாது. பீர் விளம்பரத்தில் ஏட் முகம் காட்டியது முதல் படி. 2002இல் கூட்டாளிகளோடு ‘கராபாவ் டேங்’ என்ற சக்தி பானத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 150 மில்லி பாட்டில், 10 பாட். லாரி ஓட்டுபவர், கட்டட வேலை செய்பவர், மீன்பிடிப் படகில் போகிறவர்: குடிப்பவர்கள் அதே பாட்டுகளின் நாயகர்கள். குறியீடும் அதே எருமைத் தலைதான். நிறுவனம் 2014இல் தாய்லாந்து பங்குச்சந்தைக்குப் போனது. 2017–18 பருவத்திலிருந்து இங்கிலாந்தின் லீக் கோப்பைக்கே கராபாவ் கோப்பை என்று பெயர்.

உழைப்பாளியின் களைப்பைப் பாடியவர் அந்தக் களைப்புக்கு மருந்து விற்கிறார் என்ற குற்றச்சாட்டு கச்சிதமானது. மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். ஆனால் பானம் வந்ததால் பாட்டு கெட்டது என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. நல்ல பாட்டுகள் வந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் கழித்து வந்த பானம் அது. 1988இல் ‘தாப் லாங்’ ஆல்பத்தோடு பழைய அணி கலைந்து ஆளாளுக்குத் தனி ஆல்பம் போடப் போனார்கள். இசையில் இறக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது.

பணத்தை வைத்துக் கராபாவுக்குத் தண்டனை கொடுப்பவர்கள், காரவானின் பிற்காலத்தைப் பேசுவதில்லை. 2013–14இல் பிரதமர் யிங்லக் சினவத்ராவின் அரசை எதிர்த்து பாங்காக்கில் நடந்த முற்றுகையின் மேடையில் சுராச்சாய் பாடினார். அந்தப் போராட்டம் 2014 மே 22 ராணுவப் புரட்சியில் போய் முடிந்தது. எருமைப் பாட்டில் பங்கிருந்த விசா கந்தாப் எதிரணியான செஞ்சட்டைகளின், அதாவது அந்த அரசின் ஆதரவாளர்களின், பக்கம் நின்றார். ஒரே பாட்டைச் செய்தவர்கள் தடுப்பின் இரண்டு பக்கத்திலும்! இசான் உழவர்களைப் பாடிய குரல், இசான் உழவர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த அரசுக்கு எதிரான மேடையில் ஒலித்ததை, 10 பாட் பானத்தைவிடச் சிறிய விஷயம் என்று நினைக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் அரசு ‘தேசியக் கலைஞர்’ பட்டம் கொடுத்திருக்கிறது: சுராச்சாய்க்கு இலக்கியத்துக்காக 2010இல், ஏட்டுக்கு இசைக்காக 2013இல். பட்டத்தில் சரிசமம்.

அதனால்தான் 2018க்குப் பிறகு தெருவில் இறங்கிய இளைஞர்கள் இந்த இரண்டு பேரையும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் கையில் ‘சர்வாதிகாரத்துக்கு எதிரான ராப்’ குழுவின் பாட்டு இருந்தது. அதன் காணொளி 1976 தம்மசாத் படுகொலைக் காட்சியையே மறுபடி நடித்துக் காட்டியது. சமான்சோன் குழுவின் கூட்டுப்பாட்டுகளும் இருந்தன. அந்த ராப், ஆள்பவர்களைத்தான் திட்டுகிறது; வாங்குகிறவனை அல்ல. அந்த விதத்தில் அது காரவானின் வாரிசு, இசையில் ஒட்டுறவே இல்லாவிட்டாலும்.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு

தேடும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். கராபாவ் என்று மட்டும் போட்டால் கால்பந்தும் பானமும் வரும்; காரவான் என்று மட்டும் போட்டால் அதே பெயருள்ள பழைய இங்கிலாந்து ராக் குழு வரும். பெயரைத் தாய் எழுத்தில் வெட்டி ஒட்டித் தேடுவதே சுலபம். பாடகரைத் தேடினால் ‘ஏட் கராபாவ்’, ‘ஙா காரவான்’ (சுராச்சாய்தான்) என்று செல்லப்பெயரோடு குழுப்பெயரைச் சேர்த்துத் தேட வேண்டும். ஆண்டு 2527 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது பௌத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் 1984. இசைச் செயலிகளில் தெரியும் ஆண்டு பல நேரம் மறுவெளியீட்டின் ஆண்டு. பழைய பாட்டை ஏட் பின்னாளில் திரும்பப் பாடிய பதிவும் கலந்து கிடக்கும். க்லுய் ஒலி மெலிந்து, டிரம்ஸ் பளபளவென்று இருந்தால் அது பிற்காலப் பதிவு என்று சந்தேகப்படலாம்.

வரிசை என்று கேட்டால்: முதலில் ‘வனிபோக்’, அடுத்து ‘மேட் இன் தாய்லாந்து’ ஆல்பம் முழுசாக. காது பழகிய பிறகு 1975இன் ‘கோன் கப் க்வாய்’ ஆல்பம், மொழிபெயர்ப்போடு. கடைசியில் காட்டிலிருந்து திரும்பிய பிறகு சுராச்சாய் பாடிய ‘குயென் ராங்’, கூடு திரும்புதல். கட்சிமேல் நம்பிக்கை போய், பழைய நண்பர்கள் சிதறி வந்த தலைமுறையின் பாட்டு அது, யாரையும் திட்டாது. தலைகீழாகக் காரவானில் தொடங்கியவர்கள் பலர் மூன்றாம் பாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். கராபாவின் ‘புவா லோய்’ பாட்டை மட்டும் மேடைப் பதிவில் கேளுங்கள். கச்சேரிகளில் அந்தப் பாட்டு வந்தால் கூட்டத்தில் கைகலப்பு வரும் என்பது தாய்லாந்தில் ஊரறிந்த சங்கதி. ஸ்டூடியோப் பதிவில் அதற்கான காரணம் புரியாது.