எட்டு ஜிபி ரேமும் உடைந்த கொக்கியும்: பழைய லேப்டாப்போடு இரண்டரை வருடம்

போன மாதம் ஃபேன் சத்தம் தாங்க முடியாமல் லேப்டாப்பைத் தெருமுனை சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கடைப் பையன் அடி மூடியைக் கழற்றினான். இடது பின்மூலையில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதை முன்னாடி யார் சார் திறந்தது? கொக்கி போயிருக்கே" என்றான். நான்தான் தம்பி என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீடு வரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அதே வாரம் நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மச்சான், என்கிட்டயும் அதே லேப்டாப்தான். உன்னோடது எப்படி இருக்கு? நீ ரேம் போட்டியே, நானும் போடலாமா?" அவனுக்குப் போனில் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

2015இல் வாங்கிய லேப்டாப். இன்டெல் ஐ5 4210யூ சிப், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எனக்கு வேலை சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது. மாதா மாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்: 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி. அந்த நாட்களில் கணக்கு எழுதும் டேலி, நாலைந்து எக்செல், குரோமில் பதினைந்து இருபது டேப், எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும். எக்செல்லிலிருந்து குரோமுக்கு மாறினால் திரை வெளுத்துப்போய் நிற்கும். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே அணையாது. திறந்திருக்கும் வேலையெல்லாம் தங்குகிற இடம் ரேம்; அதில் இடம் போதாமல் விண்டோஸ் பாதிச் சரக்கை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைக்கிறது; நாம் கேட்டதும் மறுபடி அங்கிருந்து தூக்கி வருகிறது. அதற்குள் ஜிஎஸ்டி போர்ட்டலில் நேரம் முடிந்து வெளியே தள்ளிவிடும். திரும்பவும் பாஸ்வேர்டு, திரும்பவும் கேப்சா.

2023 ஜூனில் 8 ஜிபி ஒன்று வாங்கிக் ரேம் மாட்டும் இடமான ஸ்லாட்டில் ஒன்று காலியாக இருந்தது, அதில் போட்டேன். மொத்தம் 12. அன்று ராத்திரி வழக்கமான எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, எவ்வளவு ரேம் ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். ஆறரை ஜிபி ஓடிக்கொண்டிருந்தது. ஆறரை ஜிபி வேலையை எட்டு வருடமாக 4 ஜிபிக்குள் திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது டேப் மாற்றினால் மாறுகிறது. சொல்லும்போது சாதாரணமாக இருக்கிறது. அந்த மாதம் 20ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கே வேலை முடிந்து எழுந்தது எனக்குச் சாதாரணமாக இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ரேம் போட்டதால் லேப்டாப் சீக்கிரம் ஆன் ஆகவில்லை. முன்பு இரண்டு நிமிடம், பிறகும் இரண்டு நிமிடம். அது ஹார்ட் டிஸ்க்கின் கோளாறு. அடுத்த வருடம் அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்ட பிறகுதான் அது தீர்ந்தது. "ஸ்லோவா இருக்கு" என்று யார் சொன்னாலும் ரேம் போடு என்று சொல்லிவிடக்கூடாது. வேலை செய்யும்போது டாஸ்க் மேனேஜரில் மெமரி தொண்ணூறு சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். இப்போது வருகிற மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அவற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வாங்கும்போது ஒரு தப்பு நடந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் போய் "டிடிஆர்3, 8 ஜிபி, லேப்டாப்புக்கு" என்று கேட்டேன். டிடிஆர்3 என்பது ரேமின் வகை. கேட்டதைக் கொடுத்தார்கள். 1,350 ரூபாய். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து, உள்ளே இருந்த பழைய ரேமின் ஸ்டிக்கரையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் பிசி3எல்-12800. புதியதில் பிசி3-12800. ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த 'எல்' இருந்தால் 1.35 வோல்ட், இல்லாவிட்டால் 1.5 வோல்ட். என்னுடையது மாதிரியான நான்காம் தலைமுறை யூ வகைச் சிப்புகளுக்கு 1.35 வோல்ட் ரேம்தான். இரண்டுக்கும் விளிம்பில் 204 தங்க நிறக் கால்கள், நடுவில் இருக்கும் வெட்டும் ஒரே இடத்தில். அதனால் மாற்றி வைத்தாலும் ஸ்லாட்டுக்குள் அழகாக உட்கார்ந்துவிடும், திரைதான் வராது. டிடிஆர்4 என்றால் 260 கால், வெட்டு வேறு இடம், உள்ளேயே போகாது. அங்கே தப்பு நடக்க வழியில்லை. இங்கே இருக்கிறது. மறுநாள் கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். அதுவரை லேப்டாப் ஒரு ராத்திரி முழுக்க மூடியில்லாமல், பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு மேசைமேல் கிடந்தது.

கம்பெனி வேறாக இருந்தால் பரவாயில்லை. 4, 8 என்று அளவு வேறாக இருந்தாலும் பரவாயில்லை. வேகம் மட்டும் இரண்டில் குறைந்ததற்கு இறங்கிவிடும். எழுத்து மாறினால்தான் தொல்லை. பழைய ரேமின் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே நல்லது.

இனி மூடிக்கு வருகிறேன். என் கோபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஒரு காலத்தில் லேப்டாப்பின் அடியில் ரேமுக்கென்று உள்ளங்கை அளவில் தனி மூடி இருக்கும். ஒன்று இரண்டு ஸ்க்ரூ. கழற்றினால் ரேம் கண்ணெதிரே. என் தம்பியின் பழைய லேப்டாப்பில் இரண்டு நிமிடத்தில் மாற்றியிருக்கிறேன். என்னுடையதில் அது இல்லை. அடிப்பக்கம் முழுவதும் ஒரே மூடி. கண்ணுக்குத் தெரியும் ஸ்க்ரூ பத்து. டிவிடி டிரைவை உருவிய பிறகு உள்விளிம்பில் இரண்டு சின்ன ஸ்க்ரூ. பின்பக்க ரப்பர் பட்டைக்கு அடியில் இன்னும் இரண்டு. சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள். எல்லா ஸ்க்ரூவையும் எடுத்துவிட்டதாக நினைத்து, பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் நுழைத்து ஓட்டிக்கொண்டே வந்தேன். டக், டக் என்று ஒவ்வொன்றாக விட்டது. இடது பின்மூலையில் மட்டும் விடவில்லை. கொஞ்சம் அழுத்தி நெம்பினேன். இந்த முறை சத்தம் வேறு மாதிரி வந்தது. அரிசி அளவு கறுப்புப் பிளாஸ்டிக் ஒன்று தெறித்து மேசையில் விழுந்தது. ரப்பர் பட்டையின் அந்த முனையை நான் முழுசாக உரிக்கவில்லை. அடியில் ஒரு ஸ்க்ரூ அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து லேப்டாப்பை அந்த மூலையில் பிடித்துத் தூக்கினால் 'டிக்' என்கிறது. மடியில் வைத்து இடது மணிக்கட்டை ஊன்றினாலும் 'டிக்'. இரண்டரை வருடமாக. வேலைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, வீடே தூங்கும்போது, ஒவ்வொரு தடவை கையை எடுத்து வைக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை மடித்து உள்ளே வைத்துப் பார்த்தேன். மூன்று மாதம் அடங்கியிருந்தது. வெயில் காலத்தில் பசை இளகித் திரும்ப வந்துவிட்டது.

நியாயமாகப் பார்த்தால், அந்த நிறுவனமே இந்த மாடலைப் பிரிக்கும் முறையை எழுதி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. எந்த ஸ்க்ரூ எங்கே என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறது, ரப்பர் பட்டைக்கு அடியில் இருப்பதையும் சேர்த்து. நான் பிறகுதான் படித்தேன். அது என் தப்பு. ஆனாலும் கேட்கிறேன்: பயன்படுத்துகிறவர் மாற்றிக்கொள்ளலாம் என்று ஸ்லாட்டைக் காலியாக விட்டுவிட்டு, அதைத் தொடுவதற்குப் பதினான்கு ஸ்க்ரூவைத் தாண்டி வா என்று ஏன் வைக்கவேண்டும்? ரேமை மாட்டுவது அரை நிமிட வேலை. அதில் பயப்பட ஒன்றுமே இல்லை. பயம் எல்லாம் மூடியில். சாதாரண ஆள் இதைப் பார்த்து மிரண்டுபோய், ஓடுகிற லேப்டாப்பை எடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குகிறான்.

2024இல் எஸ்எஸ்டி போட மறுபடி திறந்தேன். ஒரு கொக்கியும் போகவில்லை. அதை வைத்து நண்பனுக்குச் சொல்வது இது.

முழுசாக ஷட்டவுன் செய். ஸ்லீப்பில் இருக்கும்போது தொடாதே. சார்ஜரைப் பிடுங்கு, பேட்டரியைக் கழற்று, பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடி. உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் போய்விடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் இணைப்பைப் பிடுங்குவதுதான். மெத்தைமேல் வைத்துச் செய்யாதே, போர்வையும் நைலான் சட்டையும் வேண்டாம். பெயின்ட் இல்லாத இரும்பு எதையாவது அடிக்கடி தொட்டுக்கொள். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் விரலில் சுருக்கென்று நமக்குத் தெரியவே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சிப்பைக் கெடுக்க அதில் சிறு பங்கு போதும், நமக்குத் தெரியவே தெரியாது. ஸ்க்ரூக்களை ஒரு பேப்பரில் லேப்டாப் வடிவம் வரைந்து, எங்கிருந்து எடுத்தாயோ அங்கேயே டேப்பால் ஒட்டி வை. நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் துளைத்துக்கொண்டு வரும்.

ரேமை விளிம்பில் பிடி, தங்க நிறக் கால்களில் விரல் படவேண்டாம். வெட்டைப் பார்த்துச் சாய்வாக, முப்பது டிகிரி அளவில் நுழை. தங்கக் கோடு ஏறக்குறைய மறையும்வரை உள்ளே போகவேண்டும். பலர் தவறவிடுவது இங்கேதான். பாதி நுழைத்துவிட்டுக் கீழே அழுத்துகிறார்கள். சரியாகப் போயிருந்தால், மெல்லப் படுக்க வைத்ததும் இரண்டு பக்கக் கிளிப்பும் சேர்ந்து 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் எடுத்துவிட்டுத் திரும்பப் போடு. மூடியபின் முதல் தடவை ஆன் செய்யும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நிற்கலாம். புது ரேமை அது அளந்துகொள்கிறது. அவசரப்பட்டு அணைக்காதே. அன்று ராத்திரி விண்டோஸில் இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிட்டுத் தூங்கு. தப்பு ஏதாவது வந்தால் மறுநாளே கடையில் மாற்றிவிடலாம்.

இன்னொன்று. இந்த லேப்டாப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை வரும். டேலிக்கு விண்டோஸ் வேண்டும், அதனால் அதுவரை நான் விண்டோஸ் 10இல்தான். பிறகு பிள்ளைகள் படிக்க விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கப் போகிறேன். 12 ஜிபி அதற்குத் தாராளம்.

ஆக, ரேம் போடலாமா என்றால், டாஸ்க் மேனேஜரில் மெமரி நிரம்பி நின்றால் கண்ணை மூடிக்கொண்டு போடு. நான் இந்த லேப்டாப்புக்குச் செய்த செலவிலேயே உருப்படியானது அந்த 1,350 ரூபாய்தான். லேப்டாப் எப்படி என்று கேட்டாயே, அதற்கும் பதில் சொல்கிறேன். பத்து வருடம் உழைத்துவிட்டது, ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை. ஆனாலும் இந்த மூடி வைத்த லேப்டாப்பைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் இனி வாங்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. ஸ்க்ரூவை நீ கழற்று. பின்பக்க ரப்பர் பட்டையை மட்டும் நான் உரிக்கிறேன்.