எண்ணூர்க் காற்றை எதைக் கொண்டு அளப்பது?

மார்கழி, தை விடியற்காலைகளில் எண்ணூரிலோ மணலியிலோ காற்றின் நிலையைக் கைப்பேசியில் தேடினால், ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத எண்கள் வந்து நிற்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் ஒன்றைச் சொல்லும். தெருவில் யாரோ மாடியில் மாட்டிய சிறு உணரி அதைவிடக் கூடுதலாகச் சொல்லும். செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்த இடம் மேகத்தால் மறைந்து வெறுமையாக இருக்கும். கடலோர வானிலை இந்த மூன்று கருவிகளையும் வெவ்வேறு விதமாகச் சோதிக்கிறது.

செயற்கைக்கோளை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். அது அளப்பது தரையிலிருந்து வானம் வரையுள்ள காற்று முழுவதிலும் துகள்கள் ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்பதை. நாம் சுவாசிக்கும் உயரத்தில் எவ்வளவு என்பது அதிலிருந்து கணக்கிட்டுப் பெறும் மதிப்பீடு மட்டுமே. நிலமும் நீரும் கலந்து கிடக்கும் கரையோரத்தில் அந்தக் கணக்கு மேலும் தடுமாறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ மேகம் விலகவே காத்திருக்க வேண்டும். மாநில அளவில் புகை எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று பார்க்க அது நல்லது; ஒரு குப்பத்தின் காற்றை அறிய உதவாது.

உண்மையான போட்டி நிலையத்துக்கும் சிறு உணரிக்கும்தான்.

நிலையத்தில் பெரும்பாலும் இருப்பது பீட்டா கதிர்க் கருவி. வடிகட்டி நாடாவில் படியும் துகள்கள் கதிரை எவ்வளவு தடுக்கின்றன என்பதிலிருந்து எடையைக் கணக்கிடும். உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே அளக்கும். கடலோரத்தில் இந்த ஒரு ஏற்பாடே பெரும் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. சிறு உணரியில் அந்தச் சூடாக்கி இருப்பதில்லை. அது லேசர் ஒளியைப் பாய்ச்சி, துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியை எண்ணாக மாற்றும். ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி ஏறும்போது கடலுப்புத் துகள் நீரை உறிஞ்சிக் கரைசல் துளியாகப் பருத்துவிடும். சல்பேட் துகள்களும் ஏறக்குறைய அப்படியே. காற்றில் மாசு கூடாமலே ஒளிச் சிதறல் கூடும், உணரியின் எண்ணும் ஏறும்.

எவ்வளவு ஏறும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பர்ப்பிள்ஏர் என்ற நிறுவனத்தின் சிறு உணரிகளுக்காக 2021இல் வெளியிட்ட திருத்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கலாம். உணரி கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம் காட்டுகிறது, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், திருத்திய அளவு ஏறத்தாழ 40. இதில் ஈரப்பதத்துக்கென்று கழிவது 7 அளவில்தான். மிச்சக் குறைப்பில் பெரும்பங்கு அந்த உணரி இயல்பாகவே மிகைப்படுத்துவதற்கானது. பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்களுக்கு நம் நாட்டு 24 மணி நேர வரம்பு 60. ஒரே காற்று, திருத்துவதற்கு முன் வரம்பு மீறல், திருத்திய பின் வரம்புக்குள். அந்தச் சூத்திரமும் அமெரிக்கக் காற்றை வைத்து உருவானது. எண்ணூருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. உள்ளூர் நிலையத்தின் அருகிலேயே உணரியைச் சில வாரம் வைத்து ஒப்பிட்டு, நமக்கான திருத்தத்தை நாமே கண்டுபிடிப்பதுதான் முறை.

இத்தனை குறைக்குப் பிறகும் சிறு உணரியை நான் விடமாட்டேன். காரணம் கடற்காற்று. முற்பகல் கடந்து அது கரையேறும்போது காற்றின் திசை சிறிது நேரத்திலேயே மாறிவிடும். மயிலாப்பூர்க்காரருக்கு அது தூய காற்று. எண்ணூரில் அனல் மின் நிலையங்கள் கரையோரமாகவே நிற்பதால், அதே கடற்காற்று புகையை மேற்கே குடியிருப்புகளின் பக்கம் தள்ளும். இரவில் நிலக்காற்று கடலுக்குள் கொண்டுபோனதில் ஒரு பகுதி மறுநாள் திரும்பியும் வரும். எங்கோ ஒரு நிலையமும் 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடும் குறியீடும் இந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடும். கோடி ரூபாய் அளவில் செலவாகும் நிலையத்தைத் தெருவுக்குத் தெரு வைக்க முடியாது, உணரியை வைக்கலாம். ஊர்ச் சங்கம் ஒன்று என்னிடம் கேட்டால் நாலைந்து உணரிகளை வாங்கி, ஒவ்வொன்றின் அருகிலும் ஈரப்பத மானியை வைக்கச் சொல்வேன். காற்றின் திசையையும் மணிக்கு மணி குறித்துக்கொண்டால், ஒரே ஈரப்பதத்தில் காற்று மாறிய பிறகு எண் எப்படி மாறியது என்று பார்க்க முடியும். அந்த மாற்றம் நம்பத்தக்கது.

ஒரே ஒரு இடத்தில் உணரி கைவிட்டுவிடும், அதுவும் எண்ணூருக்கு மிக முக்கியமான இடத்தில். நிலக்கரித் தூள், பறக்கும் சாம்பல், சாலைப் புழுதி ஆகியவற்றில் பெரும்பகுதி பருமனான துகள்கள். மலிவு உணரிகள் அவற்றைச் சரியாகக் காண்பதில்லை; திரையில் தெரியும் பி.எம். 10 எண் (10 மைக்ரான் வரையுள்ள துகள்களின் அளவு) பெரிதும் ஊகமே. துணிக்கொடியில் கறுப்புத் தூசி படிகிறது என்று புகார் கொடுப்பவர்கள் உணரிப் படத்தை இணைத்தால் வழக்கு பலவீனமாகும். அங்கே கேட்க வேண்டியது வடிகட்டித் தாளில் 24 மணி நேரம் சேகரித்து எடைபோடும் பழைய முறை. மெதுவான வேலைதான். ஆனால் அந்தத் தாளை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தால் படிந்ததில் கடலுப்பு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பங்கு பிரிக்க வழியுண்டு.