கலை வரலாறும் கலைப்பொருள் பாதுகாப்பும்: 5 ஆண்டு படித்து, 6 ஆண்டு வேலை பார்த்த அனுபவம்

பாறசாலையில் எங்கள் வீட்டுப் பரணில் பாட்டாவின் வைத்திய ஏடுகள் ஒரு மரப்பெட்டியில் கிடந்தன. கலை வரலாறு படிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மக்களே, அதைப் படித்தால் இந்த ஏட்டைப் பூச்சி அரிக்காமல் காக்கத் தெரியுமா?" தெரியும் என்றேன். 3 ஆண்டு இளங்கலை முடித்த பிறகும் தெரியவில்லை.

இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்கள் முதலில் அறிய வேண்டியது இதுதான். இளங்கலையில் பெரும்பாலும் வரலாறும் பாணியும் பயில்கிறோம். கைவேலையும் ஆய்வுக்கூடமும் முதுகலையில்தான் வருகின்றன. அங்கே நுழைந்ததும் வேதியியல் கழுத்தைப் பிடிக்கும். வெண்கலப் படிமத்தில் வெளிர்பச்சைத் தூள் கிளம்பினால், குளோரைடும் ஈரக்காற்றும் சேர்ந்து உலோகத்தைத் தின்கின்றன என்று பொருள். எண்ணெய் பூசி மினுக்கினால் மேலே அழகாக இருக்கும், உள்ளே அரிப்பு தொடரும். மேல்நிலைப் பள்ளியில் கலைப்பிரிவு எடுத்த நான் இதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் இரவு பகலாகப் பள்ளிப் பாடநூல்களைத் திரும்பப் படித்தேன். வேதியியலை விட்டுவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

இளங்கலை வீண் என்று சொல்ல மாட்டேன். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பிறகு இந்தியத் தொல்லியல் துறை, மேலடுக்கைச் சிதைக்காமல் உரித்துத் தனிப்பலகையில் ஏற்றும் முறையைக் கையாண்டது. அந்த வகுப்பில் எங்களுக்குள் நடந்த சண்டையை மறக்கவே முடியாது. சோழருக்காக நாயக்கரைப் பெயர்க்கலாமா? எந்த அடுக்குக்கு எவ்வளவு உரிமை? வரலாறு படிக்காமல் ஊசியும் தூரிகையும் மட்டும் பிடிப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் பிறந்தது எனக்குப் பெரிய வரம். பத்மநாபபுரம் அரண்மனை எங்களுக்குப் பக்கம். 1956-இல் அது இருக்கும் கல்குளம் தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் நிர்வாகம் இன்றும் கேரளத் தொல்லியல் துறையிடம்தான். கேரளச் சுவரோவியம் காய்ந்த சுண்ணாம்புப் பரப்பில் செங்காவி, மஞ்சட்காவி, விளக்குக்கரி போன்ற வண்ணங்களை வேப்பம்பிசினில் குழைத்துத் தீட்டியது. பிசின் தண்ணீரில் இளகும். திருவிழாவுக்கு முன் ஈரத்துணியால் துடைக்கும் நல்லெண்ணம் ஒரு முகத்தையே அழித்துவிடும். நான் அப்படி அழிந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். கண் மட்டும் மிஞ்சியிருந்தது. இன்னும் மனம் ஆறவில்லை.

ஏடுகளுக்கு வருகிறேன். முதலில் மென்மையான தூரிகையால் தூசி. பிறகு எத்தனாலும் தண்ணீரும் கலந்து நனைத்த பஞ்சை, தேய்க்காமல், ஓலை மீது உருட்ட வேண்டும். பஞ்சு பழுப்பாக வந்தால் அழுக்கு. கறுப்பாக வந்தால் எழுத்தாணிக் கீறலில் ஏற்றிய கரி கிளம்புகிறது, உடனே நிறுத்திவிட வேண்டும். கடைசியாகப் புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்), மிகச் சிறிதளவு. அதிகமானால் தூசியை இழுத்துக்கொள்ளும். ஓலை மெல்ல வளையத் தொடங்கும் அந்தக் கணத்துக்காக நான் எத்தனை நாளும் உட்காருவேன். தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரிந்ததால், கலைந்து வந்த கட்டுகளை வரிசைப்படுத்தும் வேலை எப்போதும் என்னிடமே வந்தது.

சம்பளம் குறைவு. நிரந்தர வேலை அரிது. என் முதல் வேலை 11 மாத ஒப்பந்தம். கரைப்பான் ஆவியை வெளியேற்றும் விசிறிகூட அந்தக் கூடத்தில் இல்லை. தலைவலியோடு வீடு திரும்பிய நாட்கள் அதிகம். சேரும் கல்லூரியில் அந்த வசதி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். லக்னோவில் 1976 முதல் இயங்கும் தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் போன்ற இடங்களின் பயிற்சிகளையும் விசாரியுங்கள்.

பாட்டாவின் பெட்டியைச் சென்ற தை மாதம் திறந்தேன். 62 ஏடுகளைச் சுத்தம் செய்து, கட்டையிட்டுக் கயிறு கோத்துக் கொடுத்தாயிற்று. ஒன்றோடொன்று ஒட்டிப்போன 4 ஏடுகளை இன்னும் பிரிக்கவில்லை. அதில்தான் வாத எண்ணெயின் பக்குவம் இருக்கிறதாம். அவசரமில்லை மக்களே, கிழியாமல் வந்தால் போதும் என்கிறார்.