ஏணி அடுக்கா, ஒரே மட்டமா?

சிங்கப்பூரில் தேக்காவில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர் ஆனாலும் ஊபியில் சின்னதாக மென்பொருள் நிறுவனம் வைத்திருப்பவர் ஆனாலும், ஆள் கூடியதும் குழப்பம் ஒன்றுதான்: மேனேஜர், சூப்பர்வைசர் என்று அடுக்கு வைப்பதா, எல்லாரையும் ஒரே மட்டத்தில் விடுவதா?

அடுக்குக்குத் துணை நிற்பவர் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர். அந்த நாட்டின் பெத்லகேம் இரும்பாலையில் ஒரு ஆள் நாளுக்குச் சுமந்த 12½ டன் இரும்பு, வேலையை அளந்து வகுத்துக் கொடுத்ததும் 47 டன் ஆனது என்பது 1911-இல் அவர் எழுதிய கணக்கு. யோசிப்பது மேலே, செய்வது கீழே, அவ்வளவுதான். 1920களில் அமெரிக்காவின் ஹாதார்ன் தொழிற்சாலையில் தொடங்கிய ஆய்வுகளுக்கு அப்புறம்தான் தொழிலாளியின் மனசு, சகாக்களின் உறவு எல்லாம் பேச்சுக்கு வந்தன. 1961-இல் பர்ன்ஸ், ஸ்டாக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நிலையான சந்தைக்கு அடுக்கு, மாறிக்கொண்டே இருக்கும் சந்தைக்கு நெகிழ்வு என்றார்கள். என்னைக் கேட்டால் இன்றைக்கும் அதை மிஞ்சிய பதில் இல்லை.

செலவு: அடுக்கில் மேனேஜர் சம்பளம். ஒரே மட்டத்தில் அது மிச்சம், ஆனால் கூட்டம் போட்டே பொழுது போகும்.

வேகம்: தெரிந்த வேலைக்கு அடுக்கு. புதுச் சிக்கலுக்கு மற்றது.

அதிகாரம்: அடுக்கில் யார் பாஸ் என்று தெரியும். மற்றதில் பதவியே இல்லாத ஒரு சீனியர் அண்ணன் தலையாட்டினால்தான் எதுவும் நகரும், அவரைக் கேள்வி கேட்கவும் வழியில்லை.

மத்திய சமையலறை, கிடங்கு, துப்புரவு என்றால் அடுக்கு வையுங்கள். வடிவமைப்பு, மென்பொருள் என்றால் ஒரே மட்டம் போதும்; எதில் யார் முடிவெடுப்பது என்று மட்டும் முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.