மொட்டைமாடிக் கொடியும் கங்கைச் செம்பும்: இராமேசுவரத்தில் ஒரு விடுதி

இராமநாதசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள ஒரு சிறிய விடுதியில், தை அமாவாசைக்கு முந்தைய வாரம் மூன்று இரவுகள் தங்கினோம். குறையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். அறை சிறியது, சுத்தமானது. அதைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

பன்னிரு ஜோதிர்லிங்கத் தலங்களுள் ஒன்றான இவ்வூருக்கு எந்தெந்தத் திசையிலிருந்து யார் வருவார்கள் என்பதை அறிந்து நடத்துவதே இவ்விடுதியின் பலம். அக்னி தீர்த்தக் கடலில் மூழ்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களையும் வாளி வாளியாகத் தலையில் வாங்கியவர்கள் ஈர உடையோடு சன்னதிக்குள் செல்லக் கூடாது என்பதால், நனைந்தபடியே உடை மாற்ற ஓடிவருகிறார்கள். வழுக்காமலிருக்கப் படிகள்தோறும் சாக்கு விரித்திருக்கிறார்கள். மொட்டைமாடிக் கொடியில் மராட்டிய மூதாட்டியின் ஒன்பது கஜப் புடவை, வங்காளக் குடும்பத்தின் சிவப்புக் கரைச் சேலைகள், இராஜஸ்தான் பெரியவரின் அவிழ்த்த தலைப்பாகை, எங்கள் நாலு முழ வேட்டி எல்லாம் ஒரே உப்புக்காற்றில் காய்ந்தன.

வரவேற்பறையில் ஒரு மர அலமாரி, கங்கைச் செம்புகளுக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அபிஷேகத்திற்குக் கொண்டுவரும் கங்கை நீரைத் தரையில் வைக்க மனம் ஒப்பாதவர்களுக்காக இந்த ஏற்பாடு. காசியிலிருந்து வந்தவரின் மூடி அடைத்த செம்புக்கு அருகில், பிரயாகைத் திரிவேணியில் கரைப்பதற்காகத் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எடுத்துவைத்த சேதுக்கரை மணல் முடிச்சு இருந்தது. எதிரெதிர்த் திசையில் புறப்படும் இரண்டு யாத்திரைகள் ஒரே பலகையில் இருந்ததை என் மனைவிதான் முதலில் கவனித்தாள்.

சாப்பாட்டில்தான் குறை. ரொட்டியும் பருப்பும் அருமையாக இருக்க, எல்லோருக்கும் ஒத்துக்கொள்ள வேண்டுமென்று புளியையும் காரத்தையும் குறைத்துக் குறைத்துச் சாம்பாரைச் சாம்பாராகவே விட்டுவைக்கவில்லை. இட்லிக்கு வந்த சட்னியிலும் சர்க்கரை! காலைச் சிற்றுண்டியை வெளியே முடித்துக்கொள்வது நல்லது.

தளத்திற்கு ஒரே வெந்நீர்க் குழாய். விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்திற்குச் செல்வோர் மூன்றரை மணிக்கே வாளியோடு வரிசையில் நின்று, குளியலறைக் கதவை அவரவர் மொழியில் அதட்டுகிறார்கள். தூக்கம் முக்கியமென்றால், குழாயிலிருந்து தள்ளியிருக்கும் பின்பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு முதல் நாள் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் கதவைத் தட்டியவனே நான்தான்.